குழந்தை சொன்னவாறே

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் புனே நகரின் ஒரு வீட்டில் பெண்களும் குழந்தைகளுமாக ஏழு பேர் கொல்லப்பட்டனர். கைதான மூவருள் ஒருவர் அப்ரூவராக மாறினார். மற்ற இருவருக்கும் 1998இல் விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 1999இல் பம்பாய் உயர் நீதிமன்றமும், 2000 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தன. நிகழ்ந்த கொலைகளின் கொடுமையைப் பற்றி எவருக்கும் ஐயம் இல்லை. அந்த இருவருள் ஒருவர் கொலை நடந்த நாளில் எத்தனை வயதினராக இருந்தார் என்னும் கேள்வி மட்டும் உரிய முறையில் கேட்கப்படவே இல்லை.

அவர் இராஜஸ்தானின் பிகானேர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். 2018இல் தம் வயதைக் குறித்து அவர் உச்ச நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். நீதிமன்றத்தின் ஆணைப்படி 2019இல் புனே மாவட்ட முதன்மை நீதிபதி விசாரணை நடத்தி அறிக்கை அளித்தார். 2023 மார்ச்சு 27 அன்று தீர்ப்பு வந்தது. ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் உள்ளபடி அவர் பிறந்த நாள் 1982 பிப்ரவரி 1. குற்றம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டரை. அந்த வயதுச் சிறுவனுக்குச் சட்டம் அனுமதிக்கும் மிகக் கூடுதலான காலம் சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு. அவரோ இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். அவற்றுள் பெரும்பகுதி தூக்குக் கயிற்றின் நிழலில் கழிந்த ஆண்டுகள்.

வழக்கின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது, செய்தித்தாள்களிலும் வந்தது. ஆயினும் சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு கூறுவதன் உட்கருத்தை மதித்து, இங்கே அப்பெயர் எழுதப்படவில்லை. ஆனால் பெயரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயர் அவ்வட்டாரத்துக்கே உரிய அமைப்புடையது. வழக்குக் கோப்பில் இருந்த பெயரோ இந்தியாவெங்கும் வழங்குவது. இரண்டும் ஒலியளவில் நெருங்கியவை, எழுத்தளவில் வெவ்வேறானவை. இரண்டு பெயர்களும் ஒரே ஆளைக் குறிப்பன என்பதே அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தவற்றுள் ஒன்றாயிற்று. பள்ளியில் சேர்ந்த குழந்தையும் தூக்குத் தண்டனைக் கைதியும் ஒருவரே என்று நிலைநாட்டிய பின்னரே அவருடைய பன்னிரண்டரை வயது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

மொழியியல் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. வேற்றுமொழிப் பெயரைக் கேட்கும் செவி, தான் ஏற்கெனவே அறிந்த பெயர்களுள் ஒன்றாக அதைக் கேட்டுக்கொள்கிறது. எழுதும் கை, கேட்ட வடிவத்தைச் செப்பமான வடிவமாக மாற்றிக்கொள்கிறது. வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் இந்தியர் பலருடைய பெயர்கள் இப்படித்தான் பலவாகப் பிரிந்து கிடக்கின்றன. வளர்ந்தவர்க்கு இது அலைச்சல். காவல் நிலையத்தில் தனியாக நிற்கும் குழந்தைக்கு, தன்னைத் தன் வயதோடு இணைக்கும் ஒரே கயிறு அறுந்துபோவதாகும்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் வயதைப் பற்றிப் பேச முடிந்ததற்குச் சட்டத்தின் இரண்டு கூறுகள் காரணம். குற்றம் நிகழ்ந்த நாளில் தாம் குழந்தை என்னும் கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு இறுதியாக முடிந்த பின்னும் எழுப்பலாம் என்பது ஒன்று. 2006இன் திருத்தத்தில் 7ஏ பிரிவாக நுழைந்த இவ்வுரிமை, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 9ஆம் பிரிவில் நிலைபெற்றது. மற்றொன்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு வகுத்துள்ள பதினாறு கோட்பாடுகளுள் ஒன்று: குழந்தை தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளலாகாது, உரிமையைப் பயன்படுத்தாமல் இருந்தது அதைக் கைவிட்டதாகாது. வளர்ந்தவர் உரிய நேரத்தில் கேட்காவிட்டால் உரிமை காலாவதியாகிறது என்பது சட்டத்தின் பொதுப்போக்கு. குழந்தையின் மௌனத்துக்கு அந்தப் பொருளைக் கொடுக்க இச்சட்டம் மறுக்கிறது. மௌனத்துக்கு என்ன பொருள் கொள்வது என்பதையும் சட்டம் விதித்தாக வேண்டியிருக்கிறது என்பது மொழி ஆய்வாளர்கள் நின்று நோக்க வேண்டிய செய்தி.

அந்தப் பதினாறனுள் எட்டாவதாக நிற்கும் கோட்பாடு இன்னும் நேரடியானது. களங்கம் சேர்க்கும் சொற்களை விலக்குதல் என்பது அதன் பொருள். குழந்தையைப் பற்றிய நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களையும் பகைமை தொனிக்கும் சொற்களையும் பயன்படுத்தலாகாது என்று அது கூறுகிறது. சட்டப் புத்தகத்தில் சொற்பொருண்மை என்னும் சொல் ஒரு கோட்பாட்டின் பெயரிலேயே இடம்பெறுவது அரிது. அக்கோட்பாடு வெறும் நாகரிகம் கருதியதா, அல்லது சொல் மாறினால் நடைமுறையும் மாறும் என்னும் நம்பிக்கையிலிருந்து பிறந்ததா?

இந்தியச் சட்டங்களின் சொல்வரலாறு இதற்கு ஒருபாதி விடை தருகிறது. 1897ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் தன்முன் நின்ற சிறுவனை 'இளங்குற்றவாளி' என்றது. 1986ஆம் ஆண்டின் சட்டம் 'நெறிபிறழ்ந்த சிறார்' என்றது. ஆண்பிள்ளைக்குப் பதினாறு, பெண்பிள்ளைக்குப் பதினெட்டு என வயது வரம்பையும் இரண்டாகப் பிரித்தது. 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலர்க்கும் பதினெட்டு என்று ஒன்றாக்கி, 'சட்டத்துடன் முரண்பட்ட சிறார்' என்னும் தொடரைக் கொண்டுவந்தது. ஆனால் அச்சட்டத்திலேயே, பராமரிப்பு தேவைப்படுபவர் 'குழந்தை'. குற்றம் சாட்டப்பட்டவர் 'சிறார்'. பதினான்கு வயதினர் இருவர் ஒரே தெருவில் வளர்ந்திருக்கலாம். ஒருவரைக் குழந்தை என்றும் மற்றவரைச் சிறார் என்றும் சட்டம் அழைத்தது. 2015ஆம் ஆண்டின் சட்டம்தான் இருவரையும் குழந்தை என்றே குறித்தது.

விடையின் மறுபாதி அவ்வளவு இனிமையானதன்று. எல்லாரையும் குழந்தை என்று அழைத்த அதே 2015ஆம் ஆண்டுச் சட்டம்தான், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை வளர்ந்தவர் போல விசாரிக்கவும் வழி திறந்தது. 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் எழுந்த மக்கள் சினத்தின் விளைவு அது. சொல் மென்மையானபோதே விதி கடுமையாயிற்று. ஆகவே சொல்லை மாற்றுவது போதும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. சொல்லை மாற்றுவதால் ஒன்றுமில்லை என்பதற்கும் இடமில்லை. தமிழ்நாட்டின் அரசாணைகளில் 'கூர்நோக்கு இல்லம்' என்று வழங்கும் இடத்தைச் செய்தியாளர் பலர் இன்றும் 'சீர்திருத்தப் பள்ளி' என்றே எழுதுகின்றனர். முன்னது, விசாரணை முடியாத ஒரு குழந்தை அங்கே தங்கியிருக்கிறது என்கிறது. பின்னது, குற்றம் உறுதியாகித் திருத்தம் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறது. குற்றமற்றவர் என்னும் முன்னனுமானம் அந்த 3ஆம் பிரிவின் முதற்கோட்பாடு. ஒரு பெயர்ச்சொல் அதனைக் கலைத்துவிடுகிறது.

சொல்லின் வலிமையை உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகப் பேசிய தீர்ப்பு 2024 செப்டம்பர் 23 அன்று வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையொன்றுக்கு எதிரான மேல்முறையீடு அது. குழந்தைகளின் ஆபாசப்படம் என்று வழங்கிவந்த சொல்லை நீதிமன்றங்கள் பயன்படுத்தலாகாது; குழந்தைகளைப் பாலியல் சுரண்டலுக்கும் வன்கொடுமைக்கும் உள்ளாக்கும் பதிவு என்னும் பொருள்படும் தொடரையே ஆள வேண்டும் என்று அத்தீர்ப்பு அறிவுறுத்தியது. முன்னைய சொல், வளர்ந்தோர் இசைவுடன் ஆக்கும் படங்களின் வரிசையில் ஒரு குற்றத்தை வைத்துவிடுகிறது. அந்தப் படம் எடுக்கப்பட்டபோதே ஒரு குழந்தைக்குக் கொடுமை நிகழ்ந்தது என்பதை அது மறைக்கிறது.

இவையெல்லாம் குழந்தையைப் பற்றிப் பிறர் பேசும் சொற்கள். குழந்தையே பேசும்போது என்ன நேர்கிறது என்பது இதனினும் கடினமான கேள்வி.

குழந்தையின் சாட்சியத்தை ஏற்கலாமா என்பதில் இந்தியச் சட்டம் தொடக்கத்திலிருந்தே தாராளமாக இருந்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தும் விடை அளிக்க இயலுமாயின் எந்த வயதினரும் சாட்சியாகலாம் என்றது. இன்று நடப்பிலுள்ள 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. எட்டு வயதுச் சிறுமியொருத்தி உறுதிமொழி எடுக்காமல் அளித்த சாட்சியம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தன் தொடக்க ஆண்டுகளிலேயே, இராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. குழந்தை பேசலாம் என்பதில் சட்டத்துக்குத் தயக்கமில்லை. பேசியது என்னவாகப் பதிவாகிறது என்பதில்தான் சிக்கல்.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இச்சிக்கலை உணர்ந்தே எழுதப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பெற வேண்டும். பெறும் அலுவலர் சீருடையில் இருக்கலாகாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் தர வேண்டும், நீதிபதியே குழந்தையிடம் கேட்பார். விசாரணையின் இடையே அடிக்கடி ஓய்வு தர வேண்டும். குழந்தையை மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்கு அழைக்கலாகாது. இவற்றோடு 25, 26ஆம் பிரிவுகளில் ஒரு சிறு தொடர் இருக்கிறது: வாக்குமூலத்தைக் 'குழந்தை சொன்னவாறே' எழுத வேண்டும்.

ஆனால் விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியம் எழுதும் பழைய மரபு வேறு. சாட்சியத்தை வழக்கமாகத் தொடர்கதை வடிவில் எழுத வேண்டும். நீதிபதி விரும்பினால் மட்டும் ஒரு பகுதியைக் கேள்வி–விடையாக எழுதலாம் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நெடுநாள் விதி. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதன் விளைவைக் காட்டும். 'அன்றைக்குச் சாயங்காலம் நீ கடைக்குப் போனபோது அந்த மாமா உன்னைக் கூப்பிட்டார், அப்படித்தானே?' என்று கேட்கிறார்கள். குழந்தை 'ம்' என்கிறது. தட்டச்சரின் தாளில், 'அன்று மாலை நான் கடைக்குச் சென்றபோது எதிரி என்னை அழைத்தார்' என்று பதிவாகிறது. அந்த வாக்கியத்தில் குழந்தையுடையது ஒரு முனகல் மட்டுமே. நேரம், இடம், செயல், 'எதிரி' என்னும் சொல் அனைத்தும் கேட்டவருடையவை. பின்னர்க் குறுக்கு விசாரணையில் வேறொரு கேள்விக்குக் குழந்தை வேறொரு 'ம்' சொன்னால், சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசியதாக ஆகிவிடுகிறது. முரண்பட்டவை இரண்டு வழக்கறிஞர்களின் வாக்கியங்கள். நம்பகத்தன்மையை இழப்பது குழந்தை.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இதில் நீதி இல்லை. குழந்தை சொல்லாததைச் சொன்னதாக எழுதும் பதிவு, ஒருவரைத் தவறாகத் தண்டிக்கவும் கூடும். கேள்வியையும் விடையையும் பிரித்து எழுதினால், எது குழந்தையின் நினைவிலிருந்து வந்தது, எது கேள்வியில் வைத்து ஊட்டப்பட்டது என்பதை மேல்முறையீட்டு நீதிபதி தாமே காண முடியும். சட்டம் இதைத் தடுக்கவில்லை. கூடுதல் நேரமும் கூடுதல் தாளும் கேட்கிறது, அவ்வளவே.

'சொன்னவாறே' என்பதற்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு: எந்த மொழியில் சொன்னவாறு? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழிகளாக 121ஐப் பட்டியலிட்டது. அவற்றுள் 22 மட்டுமே அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ளவை. ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் பேசும் கோண்டி அந்த அட்டவணையில் இல்லை. சிறார் நீதிச் சட்டம் 8ஆம் பிரிவில், குழந்தைக்கு நடவடிக்கையின் மொழி புரியாவிடில் குழுமமே மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்கிறது. போக்சோ சட்டம் 26, 38ஆம் பிரிவுகளில் அதையே சொல்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் கட்டணமில்லா மொழிபெயர்ப்பை உரிமையாக்குகிறது. மூன்று ஆவணங்களும் ஒரே குரலில் பேசுகின்றன. ஆயினும், மாநிலத்தின் ஆட்சிமொழியை உடைந்தவாறேனும் பேசும் குழந்தை, அம்மொழி 'தெரிந்த' குழந்தையாகவே எளிதில் கொள்ளப்படுகிறது. வகுப்பறையில் விளங்காத மொழியில் தலையாட்டிப் பழகிய குழந்தை, நீதிமன்றத்திலும் தலையாட்டுகிறது.

பதினாறு வயதைக் கடந்தோருக்கான முன்மதிப்பீட்டில் இது உயிர்நாடியான செய்தி. குற்றத்தின் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் அந்தக் குழந்தைக்கு இருந்ததா என்று குழுமம் மதிப்பிட வேண்டும். இது நுட்பமான பணி என்றும், குழந்தை உளவியலில் தேர்ந்தவர் குழுமத்தில் இல்லையெனில் அத்தகையோரின் துணையைப் பெற்றே தீர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. மதிப்பீடு உரையாடலின் வழியே நடைபெறுகிறது. தாய்மொழியல்லாத மொழியில் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்லும் சிறுவனின் ஆற்றலை அளக்கிறார்களா, அவனது இரண்டாம் மொழித் திறனை அளக்கிறார்களா என்பதை உளவியலாளர் மட்டும் சொல்லிவிட முடியாது. மொழியறிந்த ஒருவரும் அந்த அறையில் இருக்க வேண்டும். விடை எப்பக்கம் சாய்ந்தாலும், அச்சிறுவன் சிறார் நீதி முறையில் இருப்பானா, வளர்ந்தோருக்கான விசாரணைக்கு அனுப்பப்படுவானா என்பது அதைப் பொறுத்தே அமைகிறது.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. குழந்தை எவராயினும் வருமானத்தைக் கேளாமல் இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. போக்சோ வழக்குகளில் குழந்தைக்கு ஆதரவு நபரை அமர்த்துவதை நடைமுறையில் உறுதிப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நெறிமுறைகளை வகுத்தது. வயதை உறுதி செய்யும் வரிசையையும் 94ஆம் பிரிவு தெளிவாக்கியிருக்கிறது: முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையேல் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை. எஞ்சியிருப்பது, அந்தப் பள்ளி எந்த ஊரில் இருக்கிறது என்று குழந்தையிடம் அதன் மொழியில் கேட்டு, அங்கே போய்ப் பதிவேட்டைப் பிரித்துப் பார்க்கும் வேலை.

அந்த வேலையை வழக்கறிஞர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் மொழியியல் துறைகள் இருக்கின்றன. இரண்டும் சில இடங்களில் ஒரே வளாகத்திலேயே இருக்கின்றன. எட்டாம் அட்டவணைக்கு வெளியே உள்ள மொழிகளைக் களத்தில் பதிவு செய்யும் மாணவர், அம்மொழி பேசும் ஆசிரியர்களையும் இளைஞர்களையும் நேரில் அறிந்தவர். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அத்தகையோரின் பட்டியல் ஒன்று கிடைத்தால், 8ஆம் பிரிவு வெறும் ஏட்டில் நில்லாது. கேள்வி–விடை வடிவில் சாட்சியம் பதியுமாறு ஒரு மனுவில் கேட்பதற்கு இரண்டு பத்திகள் போதும். வேற்று மாநிலச் சிறுவனின் பெயர் அவன் ஊரில் எப்படி ஒலிக்கும், அங்குள்ள பள்ளியில் எவ்வெவ்வாறு எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று அரைப்பக்கக் குறிப்பு எழுத, ஒலியியல் ஒரு பருவம் படித்தவரால் முடியும். கைதான முதல் வாரத்திலேயே அப்படியொரு குறிப்பு ஒரு வழக்குக் கோப்பில் சேர்ந்தால், பள்ளிப் பதிவேட்டைத் தேடிச் செல்பவர் எந்தப் பெயரின் கீழ்த் தேட வேண்டும் என்பதை அறிந்தே செல்வார்.